புராணப் பாத்திரத்தை இன்றைய ஓவியமாக்குவது எப்படி: முதல் குறிப்பிலிருந்து வார்னிஷ் வரை

புராணப் பாத்திரத்தை இன்றைய ஓவியத்துக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நாரதர் கையில் செல்போன், கிருஷ்ணனுக்கு ஜீன்ஸ், மெடூசாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. பார்த்தவுடன் ஒரு புன்னகை வரும், அரை நிமிடத்தில் படம் தீர்ந்துபோகும். கையிலிருக்கும் பொருளை மாற்றினால் மட்டும் காலம் மாறிவிடாது. அந்தப் பாத்திரம் மாட்டிக்கொண்ட நிலைமையில் இன்றைக்கு யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் உடையும் இடமும் பொருளும் பின்னால் வந்து சேரும்.

இந்த வழிகாட்டி முழுக்க அகலிகையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை நான் மூன்று முறை தொடங்கி, மூன்றாவது முறைதான் முடித்தேன். முதல் இரண்டும் கெட்டது வரைதிறன் போதாததால் அல்ல, வேலையின் வரிசை தவறியதால். பிறகு என்னோடு உட்கார்ந்து பழகியவர்களும் கிட்டத்தட்ட அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். அதனால் வரிசையை மாற்றாமல் வாருங்கள்.

தொடங்குவதற்கு முன்

ஒரு மனித உருவத்தைப் பார்த்து ஓரளவு அளவு பிசகாமல் வரையத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிய தேர்ச்சி தேவையில்லை.

பொருட்கள்: ஒரு நோட்டு, சார்கோல் (வரையும் கரித்துண்டு), 45×60 செ.மீ. அளவில் ஒரு கேன்வாஸ், ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க கேன்வாஸின் மேல் முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு), அக்ரிலிக் அல்லது எண்ணெய் வண்ணம். வண்ணத்தில் ஏழு போதும்: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அலிஸரின் கிரிம்ஸன், காட்மியம் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம். கறுப்பை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். காரணம் 10ஆம் படியில் வரும்.

முதல் படத்தை இதைவிடப் பெரிய கேன்வாஸில் தொடங்காதீர்கள். பெரிய பரப்பில் ஒரு தவறைத் திருத்த மனம் வராது. ஏற்கெனவே செலவழித்த உழைப்பு கையைப் பிடித்துக்கொள்ளும்.

1. குறைந்தது இரண்டு மூலங்களைப் படியுங்கள்

நமக்குத் தெரிந்த புராணக் கதை பெரும்பாலும் பாட்டியும் நாட்காட்டியும் தொலைக்காட்சியும் சேர்ந்து சொன்ன கதை. மூலத்தைத் திறந்து பார்த்தால் அது வேறாக இருக்கும். ஓவியருக்கு வேலை கிடைப்பது அந்த வேறுபாட்டில்தான்.

அகலிகையைக் கேட்டால் எல்லோரும் கல் என்பார்கள். கம்பனில் அவள் கல்லாகிறாள், இராமனின் பாதத் தூசி பட்டு எழுகிறாள். வால்மீகியில் கல்லே இல்லை. காற்றை மட்டும் உண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் படாமல் அந்த ஆசிரமத்திலேயே இருக்கும்படி கௌதமர் சபிக்கிறார். இராமனும் இலக்குவனும் வந்தபோது அவர்கள்தான் அவள் காலைத் தொடுகிறார்கள்.

இதை முதல்முறை படித்த அன்று என் இரண்டாவது கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அதுவரை பாறையிலிருந்து எழும் பெண்ணை வரைந்துகொண்டிருந்தேன். இப்போது கையில் இருந்தவை இரண்டு வேறு படங்கள். ஒன்றில் அவள் உறைந்திருக்கிறாள். மற்றொன்றில் உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை. ஒன்றில் கால் அவளைத் தொடுகிறது. மற்றொன்றில் அவள் காலைத் தொடுகிறார்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, மூலங்கள் ஒத்துப்போகும் இடங்களை இடப்புறமும் முரண்படும் இடங்களை வலப்புறமும் எழுதுங்கள். உங்கள் படம் அநேகமாக வலப்புறத்தில் இருக்கும்.

பொதுவான தவறு: மூலத்துக்குப் பதிலாக மற்ற ஓவியர்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பது. பத்துப் படங்களைப் பார்த்த பிறகு கை பதினொன்றாவதாக அவற்றின் கலவையைத்தான் வரையும். இன்னொரு சிக்கலும் உண்டு. கதை எல்லோருக்கும் பொது, ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் வரைந்த உருவம் அவருக்குச் சொந்தம்.

2. ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுங்கள்

கதை நீளமானது, ஓவியத்துக்கு ஒரு கணம்தான் உண்டு. முழுக் கதையையும் ஒரே சட்டத்துக்குள் திணிக்க நினைப்பவர்கள் பின்னணியில் நான்கு குட்டிக் காட்சிகளை வரைந்து, எதையும் சொல்லாமல் முடிக்கிறார்கள்.

கணத்தை மூன்றாகப் பார்க்கலாம்: நிகழ்வுக்கு முன், நிகழ்வின் நடுவில், நிகழ்வுக்குப் பின். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் டிஷன் இதற்கு நல்ல பாடம். வேட்டைக்காரன் ஆக்டியான், குளித்துக்கொண்டிருந்த டயானா தேவியைத் தற்செயலாகப் பார்த்துவிட, அவள் அவனை மானாக்குகிறாள். அவனுடைய நாய்களே அவனைக் குதறுகின்றன. 1556 முதல் 1559 வரை டிஷன் வரைந்த படத்தில் ஆக்டியான் திரையை விலக்கும் கணம்தான் இருக்கிறது, அவன் இன்னும் முழு மனிதன். வரப்போவதைச் சொல்வது ஒரு தூணின் மேல் இருக்கும் மான் மண்டையோடு. பிறகு அதே கதையின் சாவை இன்னொரு படத்தில் எடுத்துக்கொண்டார். அங்கே ஆக்டியானின் தலை மானாகிவிட்டது, நாய்கள் மேலே பாய்ந்துவிட்டன. இரண்டும் ஒரே கதை. முதலாவதில் நமக்கு அச்சம், இரண்டாவதில் இழப்பு.

இன்றைய ஓவியத்துக்கு நான் பெரும்பாலும் முன்னையோ பின்னையோதான் எடுக்கிறேன். நடுக்கணத்தைப் பழைய ஓவியர்கள் ஏற்கெனவே நிறைய வரைந்துவிட்டார்கள். தவிர, நடுக்கணத்தில் சண்டையும் மாயமும் முன்னால் வந்து நிற்கும், மனிதர் பின்னால் போய்விடுவார்.

அகலிகைக்கு நான் எடுத்தது முன்கணம். அவளைப் பார்க்கப்போகிறவர்கள் இன்னும் வரவில்லை, அல்லது இப்போதுதான் ஒரு காலடி நின்றிருக்கிறது.

3. இன்றைய நிலைமையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எல்லோரும் தாவிவிடும் படி இதுதான். தாவினால் ஜீன்ஸும் செல்போனும் வந்துவிடும்.

வாக்கியத்தில் பாத்திரத்தின் பெயர் இருக்கக் கூடாது, எந்த நவீனப் பொருளின் பெயரும் இருக்கக் கூடாது. நிலைமை மட்டும் வேண்டும். நான் எழுதியது: “எல்லோரும் நடந்துபோகும் வழியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், யாரும் அவளைப் பார்ப்பதில்லை.” இதை எழுதி முடித்ததும் இடம் தானாக வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுத் திருப்பம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் கடந்தே ஆக வேண்டிய இடம் அது. சாம்பலுக்குப் பதில் படியில் சேர்ந்த தூசி.

கர்ணனுக்கு முயன்றால் இப்படி வரலாம்: “தன்னைக் காக்கும் ஒன்றை, கேட்டவர் யார் என்று தெரிந்தும் அறுத்துக் கொடுக்கிறான்.” பாறையை மலைமேல் உருட்டி ஏற்றி, அது உருண்டு விழ, மறுபடியும் ஏற்றிக்கொண்டே இருக்கும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கக் கதையின் சிசிபஸுக்கு: “நாளைக்கும் இதே வேலைதான் என்று தெரிந்தவன் இன்றைய வேலையை முடிக்கிறான்.” இவற்றைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் நினைவுக்கு வந்தால் வாக்கியம் சரி. எந்த முகமும் வராவிட்டால் படி 2க்குத் திரும்பி வேறு கணத்தை எடுங்கள்.

“நவீன உலகில் மரபின் இடம்” என்பது போன்ற வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள். அதை யாராலும் வரைய முடியாது.

4. அடையாளங்களைப் பட்டியலிட்டு, ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் உண்டு. முருகனுக்கு வேல், கண்ணகிக்குச் சிலம்பு, கர்ணனுக்குக் கவசமும் குண்டலமும், கிரேக்கத் தெய்வம் ஹெர்மிஸுக்குச் சிறகு முளைத்த காலணி. முதலில் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். எதை நீக்கினால் ஆள் வேறாகிவிடுகிறாரோ, அது தங்க வேண்டியது.

அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டால் அது சாதாரண உருவப்படம். நான்கு இருந்தால் மாறுவேடப் போட்டி. ஒன்று அல்லது இரண்டு என்பது என் அனுபவத்தில் சரியான அளவு.

தங்கும் அடையாளத்தைப் புதிய இடத்தில் இயல்பாக இருக்கக்கூடிய பொருளாக மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். ஒடிந்த சிலம்பு ஒடிந்த சிலம்பாகவே இருக்கட்டும், அதை வளையலாக்க வேண்டாம். சிலம்பை உடைத்துத்தான் உண்மை வெளிவந்தது, அந்தப் பொருளுக்குக் கதையில் வேலை இருக்கிறது. கதையில் வேலை செய்யாமல் அலங்காரமாக மட்டும் நிற்கும் கிரீடம், ஒளிவட்டம், ஆபரணங்களைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

என் படத்தில் இரண்டு மட்டும் தங்கின: அவள் உடம்பின் கீழ்ப்பகுதி படியின் கற்பரப்போடு சேர்ந்துபோவது, அவளுக்கு மேல்படியில் நிற்கும் ஒரு வெறுங்கால். செருப்பில்லாத காலைப் படிக்கட்டில் பார்த்தாலே கதை தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றும் வழிபாட்டில் இருக்கும் தெய்வங்களின் அடையாளங்களை மக்கள் அன்போடு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு பக்தரின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்ல முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த மாற்றத்துக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் படத்துக்கு ஒரு காவிய மாந்தரை எடுத்துக்கொள்வது நல்லது. அவர்கள் கதையில் சொல்லாமல் விட்ட இடைவெளிகள் அதிகம்.

5. இருபது சின்ன ஸ்கெட்ச்

தீப்பெட்டி அளவில் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், முகம் வேண்டாம், விவரம் வேண்டாம். உருவம் சட்டத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, பார்ப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது, இவ்வளவுதான்.

முதல் ஐந்தாறு கட்டங்களில் உருவம் நடுவில் நேராக நின்று நம்மைப் பார்க்கும். கோயில் சிலையையும் நாட்காட்டிப் படத்தையும் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் வைக்கும். அவற்றை வெளியேற்றத்தான் இருபது கேட்கிறேன். எனக்குப் பயன்படும் கட்டம் எப்போதும் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

உருவத்தின் அளவை மாற்றிப் பார்க்கத் துணிவு வேண்டும். ஓவியர் புரூகலின் பெயரில் அறியப்படும், சிறகு கட்டிப் பறந்து கடலில் விழுந்த இக்காரஸின் ஓவியத்தில் முன்னால் பெரிதாக இருப்பது ஏர் உழுகிறவன். இக்காரஸ் என்பது கடலில் மூழ்கும் இரண்டு சின்னக் கால்கள் மட்டுமே. நாயகனைச் சுருக்கியதால்தான் அவன் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை என்பது நமக்கு உறைக்கிறது. கட்டங்களை வரையும்போது குறைந்தது மூன்றிலாவது நாயகரைச் சட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்குச் சுருக்கிப் பாருங்கள்.

கண் உயரமும் அதே அளவு முக்கியம். கீழிருந்து பார்த்தால் உருவம் தெய்வமாகும், மேலிருந்து பார்த்தால் தனிமைப்படும், சமமாகப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆளாகும். அகலிகைப் படத்தில் கண் உயரத்தை அவள் உட்கார்ந்திருக்கும் மட்டத்துக்கே இறக்கினேன். நடப்பவர்களின் முழங்காலுக்கு மேல் எதுவும் தெரியாது.

6. ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள்

கற்பனையில் மட்டும் வரைந்தால் உடம்பு பொம்மையாகிவிடும். நண்பரோ வீட்டிலிருப்பவரோ யாரையாவது அந்த நிலையில் உட்காரவையுங்கள். படம் எதற்காக, எந்தப் பாத்திரம், எங்கே காட்டப்போகிறீர்கள் என்று முன்பே சொல்லி அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். தன் முகம் ஒரு புராணப் பாத்திரமாக வருவதை எல்லோரும் விரும்புவார்கள் என்று நாமே முடிவுசெய்துவிடக் கூடாது.

ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். இரண்டு மூன்று விளக்குகள் இருந்தால் நிழல் குழம்பும், உருவம் தட்டையாகும். செல்போனில் படமெடுத்தால் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கையும் முழங்காலும் வீங்கித் தெரியும். புதியவர்கள் அந்த வீக்கத்தை அப்படியே பெயர்த்து வரைந்துவிட்டு, பிறகு என்ன தவறு என்று தேடுவார்கள்.

படமெடுத்தது மட்டும் போதாது. அதே இடத்தில் அரை மணி நேரம் நேரில் பார்த்தும் வரையுங்கள். நிழலுக்குள் இருக்கும் நிறத்தைக் கேமரா கறுப்பாக்கிவிடும், கண்ணுக்கு அது தெரியும்.

மிருகமோ பறவையோ இருந்தால் அதற்குத் தனியாகப் பார்த்து வரைய வேண்டும். பிராமிதியஸின் ஈரலைக் கழுகு கொத்தும் படத்தில் பெரிய ஓவியரான ரூபன்ஸே கழுகை விலங்குகள் வரைவதில் தேர்ந்த ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸிடம் விட்டார். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லாவிட்டால், பறவையின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. உடலின் அளவு, கூடுதல் கைகள், இறக்கை

மனித உடலில் இல்லாததை மனித உடலோடு சேர்க்கும் படி. பெரும்பாலான படங்கள் இங்கேதான் நம்பகத்தன்மையை இழக்கின்றன.

முதலில் அளவு. சிற்ப நூல்களைப் பார்க்கிறவர்கள் “நவதாலம்” என்பதை ஒன்பது தலை உயரம் என்று எடுத்துக்கொண்டு மூங்கில் போல உருவத்தை நீட்டிவிடுகிறார்கள். தாலம் என்பது முகத்தின் நீளம், மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரை. தலையின் நீளம் உச்சியிலிருந்து முகவாய் வரை. இரண்டும் வேறு. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம் என்ற கணக்கில் நவதால உருவம் 108 அங்குலம். இந்த அங்குலம் உருவத்துக்குள்ளேயே எடுக்கும் அளவு, ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் அல்ல. ஓவியப் பள்ளிகளில் சொல்லித்தரும் ஏழரைத் தலைக் கணக்கோடு இதைக் கலக்காதீர்கள். உருவத்தை இன்றைய மனிதராகக் காட்ட வேண்டுமென்றால் ஏழரைத் தலை, சிலையின் சாயல் வேண்டுமென்றால் தாலம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிவுவரை அதிலேயே நில்லுங்கள்.

கூடுதல் கைகள். இரண்டாவது ஜோடி தோளின் நுனியிலிருந்து முளைத்தால் கோட் ஸ்டாண்டு போல இருக்கும். அதைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலிருந்து எழுப்புங்கள். நடைமுறையில் நான் செய்வது இது: மாடலை உடம்பை அசைக்காமல் கைகளை மட்டும் இரண்டு நிலைகளில் வைக்கச் சொல்லி இரண்டு படங்கள் எடுக்கிறேன். இரண்டையும் ஒரே உடம்பின் மேல் வரைகிறேன். பின்கைகளை ஒரு டோன் (வெளிச்சம்-இருட்டின் அளவு) மங்கலாக, சற்றுக் குளிர்ந்த நிறத்தில், விளிம்பு மென்மையாக வைக்கிறேன். உடனே அவை பின்னால் போய் உட்காரும். நான்கு கைகளுக்கும் ஒரே கூர்மை கொடுத்தால் நான்கும் ஒரே தளத்தில் சண்டையிடும்.

இறக்கை என்பது கைதான். அதிலும் தோள், முழங்கை, மணிக்கட்டு உண்டு. நீண்ட பறக்கும் சிறகுகள் கையின் நுனிப்பகுதியிலிருந்தும், அடுத்த வரிசை முன்னங்கையிலிருந்தும் முளைக்கின்றன. இந்த மூன்று மடிப்புகளைக் காட்டிவிட்டால் சிறகை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதே இல்லை.

அகலிகைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் உடம்பு கல்லோடு சேரும் இடம் இதே வகைச் சிக்கல். இடுப்பில் ஒரு கோடு போட்டு மேலே தோல், கீழே கல் என்று பிரித்தால் பாவாடை கட்டியது போல் இருக்கும். உடல் தரையில் அழுந்தும் இடங்களிலிருந்து கல் மேலேறி வருவதாக வைத்தேன். முதலில் பாதம், பிறகு தொடையின் அடிப்பக்கம், பிறகு படியில் ஊன்றிய உள்ளங்கை. எங்கே அசைவு நின்றுவிட்டதோ அங்கே கல் தொடங்குகிறது. காரணம் கிடைத்ததும் எல்லைக்கோடு எங்கே போக வேண்டும் என்ற குழப்பம் போய்விட்டது.

8. மூன்று டோனில் ஒரு படம்

தேர்ந்தெடுத்த ஸ்கெட்சை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, சார்கோலில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோனில் நிரப்புங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் உங்கள் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறம் அதைக் காப்பாற்றாது.

அந்த வெறுங்காலை முதலில் இருட்டுச் சுவரின் முன் இருட்டாகவே வைத்திருந்தேன். சார்கோல் படத்தில் அது காணாமல் போனது. பின்னாலிருக்கும் படியின் மேல் வெளிச்சத்தை விழவைத்ததும் வெளிவந்தது. கேன்வாஸில் இரண்டு நாள் ஆகியிருக்கும் திருத்தம், காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

9. கேன்வாஸைத் தயார் செய்யுங்கள்

ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பின் லேசாக உப்புத்தாள் தேய்ப்பு. பிறகு பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து முழுக்க ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெயில் வேலை செய்கிறவர்களும் இந்த அடிப்பூச்சை அக்ரிலிக்கில் போடலாம், சீக்கிரம் காயும். வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், டோன் ஏமாற்றும். பழுப்பு அடித்தளம் நடுத்தர டோனாக நின்று கண்ணுக்கு அளவுகோல் தரும்.

எண்ணெய் வண்ணத்தில் கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மேல் அடுக்கு முதலில் காய்ந்து கீழ் அடுக்கு பிறகு அசைந்தால் விரிசல் விடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் போடக் கூடாது. இன்னொன்று, ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

10. நிறம்: தோல், கல், நீலம், பொன்

மாநிறத் தோலின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்ப்பது மிகப் பரவலான தவறு. தோல் உடனே சாம்பல் பூசியது போல் செத்துவிடும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். அதில் கொஞ்சம் அலிஸரின் சேர்த்தால் உயிரும் இருக்கும். காது, விரல் நுனி, மூக்கின் ஓரம் இங்கெல்லாம் இரத்தம் தோலுக்கு அருகில் இருப்பதால் சிவப்பு சற்றுக் கூடுதல்.

கல்லுக்கும் அதே அம்பரும் அல்ட்ராமரீனும்தான், வெள்ளை சேர்த்து. ஒரே குடும்ப நிறங்களாக இருப்பதால் தோலிலிருந்து கல்லுக்கு மாறுவது வெட்டுத் தெரியாமல் நடக்கும். சிவப்பை எடுத்துக்கொண்டே போங்கள், நீலத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். தோலில் விளிம்பு மென்மை, கல்லில் விளிம்பு உடைந்து சொரசொரப்பாக. நிறத்தைவிட இந்த விளிம்புதான் கல்லைக் கல்லாக்குகிறது.

நீல நிறத் தெய்வங்களை வரைகிறவர்கள் டியூபிலிருந்து நீலத்தை எடுத்து நேராகப் பூசினால் பிளாஸ்டிக் பொம்மை வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாயோன் என்றால் கருநிறத்தவன். கார்மேக வண்ணன் என்கிறோம். கார்மேகம் நீலப் பெயின்ட் நிறத்தில் இருப்பதில்லை. அதில் சாம்பலும் ஊதாவும், அடிவயிற்றில் ஒரு வெதுவெதுப்பான பழுப்பும் இருக்கும். முதலில் கரிய மனிதத் தோலை முழுமையாக வரைந்து காயவிடுங்கள். அதன் மேல் அல்ட்ராமரீனைக் கண்ணாடி போல மெலிதாக்கி, நிழற்பகுதிகளில் மட்டும் பூசுங்கள். வெளிச்சம் படும் இடத்தில் தோல் தோலாகவே இருக்கும், நிழல் மேகமாகும். கருமையை வெட்கப்படாமல் வரைவதை நான் இந்த வேலையின் மிக அழகான பகுதியாக நினைக்கிறேன்.

பொன்னுக்குத் தங்கப் பெயின்ட் வேண்டாம், பார்க்கும் கோணம் மாறினால் அழுக்காகத் தெரியும். மஞ்சள் ஓக்கர், அதை ஒட்டி ஆழ்ந்த அம்பர், ஒரே ஒரு புள்ளி வெளிச்சம். இதுவே பளபளக்கும். தங்க ரேக்கு ஒட்டத்தான் வேண்டுமென்றால், மலிவான போலி ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்தது, மேலே பூச்சு இல்லாவிட்டால் நாளடைவில் கறுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

11. முகம் கடைசியில்

முகத்தை முதலில் முடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைக்க வேண்டிவரும், முகத்தைத் தொடவும் பயம் வரும். மொத்தக் கேன்வாஸும் முக்கால் பங்கு முடிந்த பிறகு முகத்துக்கு வாருங்கள்.

உணர்ச்சியைக் குறைத்து வையுங்கள். சிலைகளின் முகம் ஏன் அமைதியாக இருக்கிறது என்று கவனித்தால் புரியும். பார்ப்பவர் தன் உணர்ச்சியைக் கொண்டுவந்து வைக்க அங்கே இடம் இருக்கிறது. புருவம் நெரிந்து வாய் திறந்து அழும் முகத்தில் அந்த இடம் இல்லை. அகலிகைக்கு முதலில் கண்ணீர் வரைந்தேன், பிறகு துடைத்துவிட்டேன். இப்போது அவள் நின்றுபோன அந்தக் காலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

முடித்ததும் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், செல்போனில் கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். கோணலான கண்ணும் தவறான டோனும் உடனே தெரியும்.

12. இரண்டு பேரிடம் காட்டுங்கள், பிறகு பெயர்

கதை தெரிந்த ஒருவர், கதை தெரியாத ஒருவர். இரண்டு பேரிடமும் எதையும் விளக்காமல் “என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். தெரியாதவர் படி 3இல் நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு அருகில் வர வேண்டும். தெரிந்தவர் பாத்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தெரியாதவர் தடுமாறினால் கோளாறு ஒளியிலோ அமைப்பிலோ இருக்கும். தெரிந்தவர் தடுமாறினால் அடையாளம் போதவில்லை. இரண்டு பேரும் தடுமாறினால் படி 2 வரை போக வேண்டியிருக்கும், அது நேர்ந்தால் மனம் தளராதீர்கள்.

தலைப்பு ஒரு கருவி. ஸ்பானிய ஓவியர் கோயா 1820 முதல் 1823 வரை தன் வீட்டுச் சுவரில் வரைந்த, பிள்ளையைத் தின்னும் அந்தக் கிழவனுக்கு அவர் பெயரே வைக்கவில்லை. தன் பிள்ளைகளையே தின்ற ரோமானியத் தெய்வமான சாட்டர்ன் என்பது பின்னால் மற்றவர்கள் வைத்தது. அந்தப் பெயரை மறைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள், பிறகு பெயரோடு பாருங்கள். ஒரு சொல் எவ்வளவு திருப்புகிறது என்று தெரியும். நான் பின்பற்றும் முறை: அடையாளம் படத்திலேயே தெளிவாக இருந்தால் தலைப்பில் பாத்திரத்தின் பெயரைச் சொல்வதில்லை. அடையாளம் மெலிதாக இருந்தால் பெயரை மட்டும் வைக்கிறேன். “நவீன அகலிகை” என்பது போல “நவீன” என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், படம் செய்ய வேண்டிய வேலையைத் தலைப்பு பறித்துக்கொள்ளும். என் படத்தின் பெயர் “மூன்றாம் மாடி”.

அக்ரிலிக் படமென்றால் ஓரிரு வாரத்தில் வார்னிஷ் அடிக்கலாம். எண்ணெய் வண்ணம் மெலிதாக இருந்தாலும் ஆறு மாதம், தடிப்பாக இருந்தால் ஒரு வருடம் காத்திருங்கள். அதுவரை தூசி படாத, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள். இருட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். அந்தக் காத்திருப்பில் நோட்டைத் திறந்து ஒதுக்கிய பத்தொன்பது கட்டங்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று இரண்டாவது படத்துக்கு உரியதாக இருக்கும். என்னுடையதில் பதினான்காம் கட்டம் அது: அதே படிக்கட்டு, அவள் எழுந்துபோன பிறகு, படியில் மட்டும் அவள் உட்கார்ந்த தடம்.